ஏழாம் பாடத்தில் எந்தக் கை

தேர்வு முடிந்து வந்த அண்ணன் என் வீட்டு வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அடிபட்டுவிட்டதோ என்று பதறிப்போய் நானும் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

"பாப்பா, இதுல எது வலது கை?" என்றான்.

எனக்கு நாற்பத்துநாலு வயது. அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான். அவனுக்கு ஐம்பத்தொன்று. கேலி செய்கிறான் என்று நினைத்து, "எழுதுற கை" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"இப்போ தெரியுது. வண்டியில உட்கார்ந்தப்போ தெரியல."

உள்ளே இழுத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. மண் தோண்டும் வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்கு பக்கத்துக்கு ஒரு லீவர் இருக்கும். ஒன்று கேபினை அப்படியே சுற்றித் திருப்பும். இன்னொன்று பக்கெட்டை மடக்கும், கவிழ்க்கும். தேர்வு வைத்தவர், பக்கெட்டில் மண்ணை அள்ளி, வலது பக்கம் திரும்பி லாரியில் கொட்டச் சொல்லியிருக்கிறார். அண்ணன் நன்றாகத்தான் அள்ளியிருக்கிறான். பிறகு வலது லீவரை வலது பக்கம் தள்ளியிருக்கிறான். கேபின் திரும்பவில்லை. பக்கெட் கவிழ்ந்து, அள்ளிய மண் அள்ளிய இடத்திலேயே விழுந்தது. மறுபடி செய்யச் சொன்னார்கள். மறுபடி அதே. மூன்றாவது தடவை தேர்வு வைத்தவர் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, தாளில் 'இடம் வலம் குழப்பம்' என்று எழுதினாராம்.

"நாலு மாசம் படிச்சேன் பாப்பா. தினம் நீ எடிட் பண்ண வீடியோவைப் பார்த்துப் பார்த்து. தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்வேன், வலது கை கேபின், இடது கை பக்கெட்னு. வண்டியில ஏறினா எல்லாம் தலைகீழா இருக்கு. வண்டி எப்படித் தலைகீழா இருக்கும்? எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு." பிறகு மெதுவாகச் சொன்னான். "அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு வந்து நின்னாரே."

அப்பா கடைசி ஆறு வருடம் எங்கள் இருவரின் பெயரையும் மறந்துதான் போய்ச் சேர்ந்தார். அந்த ஆறு வருடத்தைப் பார்த்த வீட்டில் யாரும் இப்படிச் சும்மா சொல்ல மாட்டார்கள். "உளறாதே, பயத்துல தடுமாறியிருப்பே" என்று அதட்டி அனுப்பினேன். அதட்டுவது எனக்குக் கைவந்த கலை.

அண்ணன் இருபத்தாறு வருடம் ஒரு தொலைக்காட்சியின் செய்தி அரங்கில் கேமராமேனாக இருந்தவன். என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்ததே அவன்தான். அந்த அரங்கில் அவனோடு சேர்த்து மூன்று கேமராமேன்கள். ஒரு நாள் மூன்று கேமராக்களும் தானாகவே நகரத் தொடங்கின. பக்கத்து அறையில் ஒரு பெண் மேசைமேல் இருந்த சின்னக் குச்சியை அசைத்து மூன்றையும் ஓட்டினாள். மூன்று பேரையும் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். "குச்சியை அசைக்கிறதுதான் இனிமே வேலைன்னா, நான் கொஞ்சம் பெரிய குச்சியா அசைச்சுட்டுப் போறேன்" என்று சொல்லித்தான் மண் தோண்டும் வண்டிக்குப் படிக்கச் சேர்ந்தான். வண்டிப் பாடம் எடுக்கும் நிறுவனங்கள் எத்தனையோ இருக்க, நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பாடத்தைத்தான் தேர்ந்தெடுத்தான். பார்க்கிற ஆளிடமெல்லாம் "என் தங்கச்சி எடிட் பண்ணது" என்று வேறு சொல்லிக்கொள்வான்.

பன்னிரண்டு வீடியோ பாடங்கள், வண்டியில் ஒரே ஒரு மணி நேரம், பிறகு தேர்வு. இதுதான் ஏற்பாடு. அந்த ஒரு மணி நேரத்தில் அவன் திணறியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது ஆள், பழகிவிடும் என்றார்கள். வீட்டில் அண்ணியின் துடைப்பக் கட்டையை இரண்டாக வெட்டி, கை வைத்த நாற்காலியின் இரண்டு பக்கமும் கட்டி, கைபேசியை எதிரே சாய்த்துவைத்து அவன் பழகாத நாள் இல்லை. "வீட்டைக் கூட்டக் கட்டை இல்ல, தோண்ட ரெண்டு இருக்கு" என்று அண்ணி புலம்புவார்.

இரண்டாவது தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. அதிலும் தோற்றால் அப்புறம் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஆனால் அண்ணனின் கவலை தேர்வைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அது எனக்கு அப்போது சரியாக உறைக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் ஏழாம் பாடத்தைத் திறந்து பார்த்தேன். லீவர்கள் பற்றிய பாடம் அதுதான்.

எங்கள் வேலை எப்படி மாறிவிட்டது என்று வெளி ஆட்களுக்குச் சொன்னால் புரியாது, உள்ளே இருக்கிற எனக்கே பாதி புரியாது. முன்பெல்லாம் ஒரு பாடம் எடுக்க எட்டுப் பேர் வேண்டும். விளக்குக்காரர், ஒலிக்காரர், கேமராமேன், ஒப்பனைக்கு ஒருவர் என்று ஒரு கல்யாண வீடு மாதிரி இருக்கும். இப்போது வாத்தியார் ஒரே ஒரு தடவை வந்தால் போதும். மண் வண்டி வாத்தியார் இரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டே நாள் வந்தார். கேபினில் உட்கார்ந்து தனக்குத் தோன்றியதைப் பேசினார், கையை அசைத்துக் காட்டினார், டீ குடித்தார், போய்விட்டார். அந்த இரண்டு நாளை வைத்துக்கொண்டு மென்பொருள் அவரைப் பன்னிரண்டு பாடம் நடத்தவைத்தது. ஒன்பது மொழிகளில் பேசவைத்தது. மனிதருக்குத் தெரிந்தது ஒரு மொழி, அதிலும் பாதி கெட்ட வார்த்தை.

ஏழாம் பாடத்தில் வாத்தியார் நம்மைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் லீவர்களைப் பிடித்துக் காட்டுகிறார். "வலது கை லீவர் கேபினைத் திருப்பும்" என்று அவர் குரலிலேயே சொல்கிறார். கீழே எழுத்திலும் அதுவே ஓடுகிறது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று முதலில் தோன்றியது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே! சரி, வாத்தியார் பேசிய மூல ஒலியைக் கேட்போம் என்று தேடி எடுத்தேன். அதில் அவர், "இந்தக் கை இருக்குல்ல, இது திருப்பும். அந்தக் கை அள்ளும், கொட்டும்" என்றுதான் சொல்கிறார். வலது இடது என்ற பேச்சே இல்லை.

அப்படியானால் 'வலது' எங்கே இருந்து வந்தது? மென்பொருள்தான் போட்டிருக்கிறது. மாணவர்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்று, படத்தில் எந்தக் கை என்று பார்த்து, 'இந்தக் கை' இருந்த இடத்தில் 'வலது கை' என்று அதுவே திருத்திக்கொண்டது. பார்த்துத் திருத்தியதில் தப்பில்லை. படத்தில் அது வலது கைதான்.

பிறகு மூலப் படத்தைத் திறந்தேன். அதில் அது இடது கை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஆள், ஒரே சிரிப்பு, ஒரே இருமல், கை மட்டும் மாறியிருக்கிறது. என்ன நடந்தது என்று வேலைக் குறிப்புகளில் தேடினேன். ஒரே ஒரு வரி இருந்தது. படம் கிடைமட்டமாகத் திருப்பப்பட்டது. செய்தவர் பெயரும் தேதியும் நேரமும் இருந்தன. பெயர் என்னுடையது.

எங்கள் நிறுவனத்தில் ஒரு சட்டம். விளக்கப் படம் எப்போதும் திரையின் வலது ஓரத்தில்தான் வர வேண்டும். அந்தக் காட்சியில் வலது ஓரம் வாத்தியாரின் தோளால் அடைபட்டுக் கிடந்தது. இடது ஓரம் காலியாக இருந்தது. ஒரு பொத்தானை அழுத்திக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி படத்தைத் திருப்பிப்போட்டால் காலியிடம் வலது பக்கம் வந்துவிடும். இருபது வருடத்தில் நான் ஆயிரம் முகங்களைத் திருப்பிப்போட்டிருக்கிறேன். முகத்தைத் திருப்பினால் யாருக்கும் எதுவும் ஆகாது. வண்டியைத் திருப்பினால் ஆகும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. பழைய காலமாக இருந்தால் வண்டிமேல் இருக்கும் எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பித் தெரிந்து காட்டிக்கொடுத்திருக்கும். இந்த மென்பொருள், கண்ணை உறுத்துகிறது என்று அந்த எழுத்துகளையும் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தது. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ.

அண்ணனின் தலையில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு என் விரலில். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு மேலாளரிடம் போனேன்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சதவீதம்'. வணக்கம் சொன்னால்கூடப் பதிலுக்கு ஒரு சதவீதம் சொல்வார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். பாராட்ட வேண்டும், குறுக்கே பேசவில்லை.

"மேடம், ஏழாம் பாடத்தைக் கடைசி வரைக்கும் பார்த்தவங்க தொண்ணூத்திரண்டு சதவீதம். இதுவரைக்கும் ஒரு புகார்கூட வரல."

"வராதுங்க. அவங்க தங்களுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சுட்டு இருப்பாங்க."

"எத்தனை நிமிஷத்துல சரி பண்ணலாம்?"

"பத்து நிமிஷம் போதும். மறுபடி நேரா வெச்சு, வலது இடதை மாத்தினா போதும். பழைய இடத்துலயே புதுசு உட்கார்ந்துடும்."

"அப்போ உட்காரவையுங்க. விஷயம் முடிஞ்சுது."

"பார்த்தவங்களுக்கு ஒரு அறிவிப்பு…"

"எதுக்கு மேடம்? இனிமே பார்க்கிறவங்க சரியானதைப் பார்க்கப் போறாங்க. பார்த்தவங்களும் மறுபடி பார்த்தா சரியானதைத்தான் பார்ப்பாங்க. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "அறிவிப்புல யார் திருப்பினதுன்னு கேள்வி வரும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் என்னைக் கவ்விப் பிடித்தது. இருபது வருடப் பெயர். அதைவிட, அண்ணன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அவன் இனிப் பார்க்கும்போது சரியான பாடம் இருக்கும், தானாகவே திருத்திக்கொண்டு தேறிவிடுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஏழாம் பாடத்தில் வாத்தியார் இப்போது "இடது கை லீவர் கேபினைத் திருப்பும்" என்றார், அதே குரலில், அதே சிரிப்போடு. எனக்குப் பாரம் இறங்கிய மாதிரிகூட இருந்தது. அவ்வளவு முட்டாள் நான்.

இரண்டு நாள் கழித்து அண்ணி போன் செய்தார். "உடனே வா" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை.

போனபோது அண்ணன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். துடைப்பக் கட்டைகளை அவிழ்த்து மூலையில் வைத்திருந்தான். மடியில் ஒரு நோட்டு. அண்ணி சமையலறை வாசலில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா, இதைப் படி."

நோட்டில் அவன் கையெழுத்தில், கொட்டை எழுத்தில், அடிக்கோடு போட்டு, 'பாடம் ஏழு. வலது கை கேபின்' என்று இருந்தது. கீழே நாலைந்து பக்கத்துக்கு அதையே திரும்பத் திரும்ப எழுதிப் பழகியிருந்தான்.

"இப்போ இதைப் பாரு" என்று கைபேசியை நீட்டினான். வாத்தியார் "இடது கை லீவர்" என்றார்.

"நாலு மாசம் தினம் பார்த்திருக்கேன். ஒரு நாள்கூட கேபினுக்கு இடதுன்னு என் காதுல விழல, கண்ணுல படல. அவர் இடதுன்னு சொல்லியிருக்கார், நான் வலதுன்னு எழுதியிருக்கேன். ஒரு தடவை இல்ல, அஞ்சு பக்கம்." நோட்டை விரலால் தட்டினான். "தேர்வுல தடுமாறினது பயம்னு நீ சொன்னே. சரி, பயம்தான்னு நானும் நினைச்சேன். நோட்டுல எழுதும்போது என்ன பயம் எனக்கு?"

"திங்கட்கிழமை மூளையை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க" என்றார் அண்ணி. "தேர்வுக்கும் போகப் போறதில்லையாம். எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்னு சொல்றார். நீயாவது கேளேன்."

நான் தப்பைச் சரிசெய்யவில்லை, அவனிடம் இருந்த ஒரே சாட்சியையும் அழித்துவிட்டேன். இனி மென்று விழுங்கிப் பயனில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திருப்பிப்போட்டதைச் சொன்னேன். மென்பொருள் 'வலது' என்று சேர்த்ததைச் சொன்னேன். முந்தாநாள் சத்தமில்லாமல் மாற்றிவைத்ததையும் சொன்னேன்.

அண்ணன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் என் தலையைத் தடவினான்.

"எனக்காக நீ பழியை ஏத்துக்க வேண்டாம் பாப்பா."

"ஐயோ அண்ணா, நிஜமா நான்தான்!"

"இருபத்தாறு வருஷம் கேமரா பிடிச்சிருக்கேன். திருப்பிப் போட்ட ஷாட்டை எனக்குத் தெரியாதா? பாதித் தூக்கத்துல பார்த்தாக்கூடச் சொல்வேன்."

மடிக்கணினியைத் திறந்தேன். மூலப் படத்தைக் காட்டினேன், திருப்பியதைக் காட்டினேன், என் பெயர் போட்ட வரியைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தான்.

"நல்லா செஞ்சிருக்கே" என்றான். "நேத்து உட்கார்ந்து செஞ்சியா?"

"என்னது?"

"நீ நினைச்சா அந்த வாத்தியாரை மூணு கையோடகூடக் காட்டுவே. தேதியை மாத்துறது உனக்குப் பெரிய விஷயமா? நீ நல்லவ, அண்ணன் மேல பாசம், அதனால செய்றே. ஆனா எனக்கு என்ன வந்திருக்குன்னு எனக்குத் தெரியணும்மா."

அவன் சொன்னது உண்மைதானே! பொய்யாகச் செய்தால் நான் இப்படித்தான் செய்வேன். மெய்யாகச் செய்ததும் இப்படித்தான் இருக்கிறது. எனக்கே ஆத்திரமாக வந்தது. அவன் கேட்ட கேட்பில், திரும்பவும் இரண்டு படங்களையும் மாறி மாறி ஓட்டினேன். ஓட்ட ஓட்ட, எது மூலம் எது திருப்பியது என்று எனக்கே மசமசவென்று ஆகிவிட்டது. கோப்பின் பெயரைப் படித்துத்தான் கண்டுபிடித்தேன். அண்ணி எங்கள் இருவரையும் பார்த்து, "ஸ்கேன் ரெண்டு பேருக்கும் சேர்த்தே எடுத்துடலாமா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வரமாட்டேன் என்றவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாத்தியாரின் பயிற்சி மைதானத்துக்குப் போனேன். வாத்தியார் வண்டியின் சங்கிலிச் சக்கரத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். நேரில் ஆள் இன்னும் குள்ளம், இன்னும் கறுப்பு. திரையில் அவருக்கு இருக்கும் பளபளப்பில் பாதிகூட இல்லை. பாடத்தை அவர் பார்த்ததே இல்லையாம். "என் மூஞ்சியை நான் எதுக்குப் பார்க்கணும்?" என்றார்.

பழைய, திருப்பிப்போட்ட ஏழாம் பாடத்தை அவருக்குக் காட்டினேன். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

"நான்தான். என் குரல்தான். இருமல்கூட என்னோடதுதான்." கைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ஆனா வலதுன்னு நான் சொல்ல மாட்டேனே… சொல்லியிருப்பேனோ?"

"நீங்களே இப்படிச் சந்தேகப்பட்டா எப்படி சார்?" என்றேன்.

"நானே சொல்றதைக் கண்ணால பார்க்கிறேனேம்மா! அதுக்கப்புறம் எப்படி இல்லைன்னு சொல்றது?" அவரும் தன் கைகளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. ஒருவரைத் தெளியவைக்கக் கூட்டிவந்த இடத்தில் இரண்டாவது ஆளும் கெட்டுப்போனார்.

"ஏறி உட்காருங்க சார்" என்றேன். "எதையும் யோசிக்காதீங்க. மண்ணை அள்ளி அந்தப் பக்கம் கொட்டுங்க, போதும்."

ஏறினார். வண்டி உறுமியது. அவர் கை யோசிக்கவில்லை. இடது கை லேசாக அசைந்தது, கேபின் வழுக்கிக்கொண்டு திரும்பியது. வலது கை அசைந்தது, பக்கெட் மண்ணைக் கவிழ்த்தது. நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான்.

"வண்டி இப்படித்தான்னு எனக்கும் தெரியும் பாப்பா. தேர்வுலயே பார்த்தேனே. பாடத்துல என்ன இருந்துச்சுங்கிறதுதான் கேள்வி."

கேள்வி அதுதான். வண்டி திரும்பி வந்து நின்றது. வாத்தியார் இரைச்சலை நிறுத்தினார். அண்ணன் என்ன நினைத்தானோ, மெதுவாக நடந்து வண்டிக்கு நேர் எதிரே போனான். இரண்டடி பின்னால் வந்தான், கொஞ்சம் குனிந்தான். கேமரா இருந்த இடத்தை அவன் தேடுகிறான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த இடத்தில் நின்று கேபினுக்குள் உட்கார்ந்திருந்த வாத்தியாரையே பார்த்தான்.

"சார், பாடம் எடுத்த அன்னிக்குக் கதவு திறந்திருந்துதா?"

"வெக்கைக்கு மூடிட்டு உட்கார முடியுமா? திறந்துதான் இருந்துச்சு."

"கதவு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். இந்த மாதிரி வண்டி எதுக்கும் வலது பக்கம் கதவு கிடையாது சார்."

"பாப்பா, அந்தப் பழைய பாடத்தைக் கொடு."

கொடுத்தேன். கைபேசியைக் கேபினுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தான். கேபினில் வாத்தியாரின் இடது கன்னத்தில் வெளிச்சம் விழுந்திருந்தது. படத்தில் வெளிச்சம் வலது கன்னத்தில் இருந்தது. எழுத்துகளைத் துடைத்த மென்பொருள் வெளிச்சத்தைத் தொடவில்லை. நானும் பார்க்கவில்லை. நாலு மாதம் அதையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கும் உறைக்கவில்லை.

"நாலு மாசமா வெளிச்சத்தை இந்த வலது கன்னத்துலதான் பார்த்தேன், அதை நான் மறக்க மாட்டேன். கதவே இல்லாத பக்கத்துல இருந்தா வெளிச்சம் வரும்?" என்றான் அண்ணன், யாரிடமும் இல்லாமல். பிறகு மண்மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "திருப்பித்தான் போட்டிருக்கே."

"ஆமாண்ணா."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லண்ணா."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. வாத்தியார் கீழே இறங்கிவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவன் முதுகில் கிரீஸ் கையால் இரண்டு தட்டு தட்டினார்.

நிமிர்ந்தபோது அண்ணன் கண்ணில் நான் அதுவரை பார்க்காத கோபம் இருந்தது.

"நாலு நாளா ராத்திரியில எழுந்து உட்கார்ந்து, உன் பேரைச் சொல்லிப் பார்த்துக்கிட்டேன் பாப்பா. மறந்துடுச்சான்னு. உன் அண்ணி பேரு. என் பேரு."

நான் காலில் விழுந்திருப்பேன். அவன் விடவில்லை.

"ஏழாம் பாடத்தை எத்தனை பேர் பார்த்தாங்க?"

"நாப்பத்தோராயிரம் சொச்சம்."

"இப்போ அவங்க போய்ப் பார்த்தா?"

"இடதுன்னு இருக்கும்."

"மாத்தினதை யாருக்காவது சொன்னீங்களா?"

தலையை ஆட்டினேன். இல்லை என்று.

"என் வீட்டுல எடிட்டர் இருக்கா" என்றான். "அவங்க வீட்டுல?"

கைபேசியை வாங்கினான். என்னை வண்டிக்கு முன்னால் நிற்கவைத்தான். வெளிச்சம் பார்த்து ஓரடி நகர்த்தினான். "ஒரே ஷாட். வெட்டு, ஒட்டு, மெழுகுறது எதுவும் கிடையாது. உளறினாலும் அப்படியே போகும். ம், பேசு."

பேசினேன். பாடத்தைத் திருப்பிப்போட்டது நான் என்றேன். சொல்லாமல் மாற்றிவைத்ததும் நான் என்றேன். நீங்கள் வலது என்று படித்தது உண்மை, உங்கள் கண்ணிலோ தலையிலோ ஒரு கோளாறும் இல்லை என்றேன். நடுவில் இரண்டு தடவை உளறினேன். அவன் நிறுத்தவில்லை, கையும் ஆடவில்லை. அங்கேயே நின்று, அண்ணனும் இருந்த, ஏழாம் பாடம் படித்தவர்களின் கைபேசிக் குழுவில் போட்டோம். வேலை போனால் போகட்டும் என்று அப்போது தோன்றியது. மறுநாள் காலை அப்படித் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாத்தியார் கொடுத்த டீ ஆறுவதற்குள் முதல் பதில் வந்துவிட்டது. யாரோ ஒரு பெண். நான் சத்தமாகப் படித்தேன்.

"நன்றி மேடம். என் வீட்டுக்காரர் ரெண்டு தேர்வுல தோத்துட்டார். மூளைக்கு மாத்திரை சாப்பிடுறார். உங்க வீடியோவைக் காட்டினேன். இதுவும் கம்ப்யூட்டர் செஞ்ச பொம்பளை, நம்பாதேன்னு சொல்றார். நான் என்ன பண்ண?"

படித்து முடித்துவிட்டு அண்ணனைப் பார்த்தேன். இன்னொரு வீடியோ எடுத்து அனுப்புவதா, அதையும் அவர் நம்பாவிட்டால் என்ன செய்வது?

அண்ணன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து, கால்சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

"வீடு எங்கன்னு கேளு" என்றான்.